மிளகு மூட்டையும் நான் திருடாத வால்வும்

சங்கத் தலைவர் பொய் சொல்கிறார். தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்தே சொல்கிறார்.

ஸ்டீரியோ விற்கிற, பழுது பார்க்கிற நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக எர்ணாகுளத்தில் போன மாதம் வகுப்பு நடந்ததே, அதில் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். “பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று வாடிக்கையாளர் வந்தால் பெட்டியை மாற்றச் சொல்லுங்கள். அறையைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். அறைக்கும் பாட்டுக்கும் சம்பந்தம் இருந்து என் அனுபவத்தில் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை” என்று தலைவர் பேசினார். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் எழுந்து நின்றேன். கேள்வி கேட்க விடாமல் என் கையில் ஒரு தட்டு பழம்பொரியைத் திணித்து நன்றியுரைக்குப் போய்விட்டார்கள்.

அதனால் சங்கத்தின் இதழிலேயே எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. வாழ்நாள் முழுக்க ஈயம் பற்றவைத்த கை இது. சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்று தலைவர் சொன்ன விஷயத்தை, மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு வியாபாரியின் கூடத்தில், என் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் பார்த்தார். அன்று போனது என் பெயர். இன்னும் திரும்பி வரவில்லை.

ஐம்பதுகளில் மட்டாஞ்சேரி கடைத்தெருவில் ஒரு ரேடியோ கடையில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். அப்போதெல்லாம் ரேடியோவும் கிராமபோனும் மட்டும்தான். அறுபதுகளில் ஸ்டீரியோ கப்பலில் வந்து இறங்கியது. இடது பக்கம் ஒரு பெட்டி, வலது பக்கம் ஒரு பெட்டி, நடுவில் மனிதன். இந்தக் காதில் தபேலா, அந்தக் காதில் ஆர்மோனியம். பணமிருந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பைத்தியம் பிடித்தது. எங்கள் கடையில் அதை விற்றுக்கொண்டிருந்த சேல்ஸ்மேன்தான் இன்றைய தலைவர். அன்று அவருக்கு நல்ல வாய், நல்ல தலைமுடி. இப்போது வாய் மட்டும் இருக்கிறது.

சையது ராவுத்தர் என்று ஒரு மிளகு வியாபாரி. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். தெருவுக்கு ஒரு பக்கம் அவருடைய பண்டகசாலை, எதிர்ப்பக்கம் உயரமான மேடை கட்டி வீடு. வீட்டில் நீளமான கூடம். தரையெல்லாம் வழவழப்பான ஓடு, சுவரெல்லாம் சுண்ணாம்பு, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி பதித்த அலமாரி. அந்தக் கூடத்தில் துணி என்று இருந்தது ராவுத்தர் கட்டியிருந்த கைலி மட்டும்தான்.

அங்கே ஸ்டீரியோ வைத்தால் எப்படி இருக்கும்? பாடுகிறவர் ஒரு தடவை பாடினார், சுவர் ஒரு தடவை பாடியது, அலமாரி ஒரு தடவை பாடியது. “கிணத்துக்குள்ள விழுந்தவன் கத்துற மாதிரி இருக்குடா” என்று ராவுத்தர் கடைக்கு வந்து திட்டினார்.

நம்முடைய சேல்ஸ்மேன் அசரவில்லை. “சின்ன எஞ்சினை வெச்சுப் பெரிய வள்ளம் ஓட்ட முடியுமா முதலாளி? ஆம்ப்ளிஃபயர் பத்தலை” என்று பெரிய ஆம்ப்ளிஃபயர் விற்றார். கிணற்றுக்குள் விழுந்தவன் இன்னும் பலமாகக் கத்தினான். “பெட்டி சின்னது முதலாளி, சத்தம் மூச்சு முட்டுது” என்று பீரோ அளவுக்கு ஸ்பீக்கர் பெட்டிகள் விற்றார். பாலக்காட்டிலிருந்து வந்த ராவுத்தரின் மச்சான் தன் சட்டையை மாட்ட அதில் கதவைத் தேடினார். பாட்டு மட்டும் தேறவில்லை.

கடைசியில் ஆம்ப்ளிஃபயருக்குள் விளக்கு மாதிரி எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வைப் பிடித்தார். கப்பல்காரன் ஒருவனிடமிருந்து ஒரு வால்வை வாங்கி, பஞ்சில் சுற்றி, ஏதோ சந்தனக் கட்டையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தார். “ஆசானே, இதைப் போட்டுக் குடு” என்று என்னை அனுப்பினார். என்னைக் கிண்டலாக ஆசான் என்றுதான் கூப்பிடுவார்.

நான் போன நாள் நல்ல மழைக்காலம். காயல் ஏறி பண்டகசாலைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. மிளகு நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், சரக்கு போச்சு. சுமட்டுக்காரர்கள் மூட்டைகளைத் தூக்கி வந்து ராவுத்தர் வீட்டுக் கூடத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுவர் தெரியவில்லை, அலமாரி தெரியவில்லை, மேலே விட்டத்தை எட்டும் அளவுக்கு மூட்டை. நடுவில் ஒரு சந்து மாதிரி விட்டிருந்தார்கள். அந்தச் சந்தில் குந்தி உட்கார்ந்து வால்வை மாற்றி ரிக்கார்டைப் போட்டேன்.

என்னவென்று சொல்ல. பாடுகிற அம்மாள் அடுத்த அடிக்கு முன் மூச்சு இழுப்பது கேட்டது. ராவுத்தர் கைலியைச் சுருட்டிக்கொண்டு ஒரு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தார். ரிக்கார்டு முடியும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

சேல்ஸ்மேன் ஓடி வந்தார். “பாத்தீங்களா முதலாளி! வால்வு!”

நானும் வால்வுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் கண்ணும் பெட்டிக்குள்தான் இருந்தது. உங்கள் எல்லோருக்கும் இருக்கிற கண்தான் அது.

மழை நின்றது, சரக்குக்குக் கப்பல் வந்தது, மூட்டைகள் போயின. மறுநாள் காலையில் ராவுத்தர் கடை வாசலில் நின்று கத்தினார்.

“எங்கேடா என் வால்வு?”

“உங்க பெட்டியிலதான் இருக்கு முதலாளி.”

“அது என் வால்வு இல்ல. என் வால்வு பாடும். இது குலைக்குது.”

நான் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, வால்வைக் கழற்றி, அதன் மேலிருந்த எழுத்தைக் காட்டினேன். அப்போது சேல்ஸ்மேன் வெற்றிலையை மென்றுகொண்டே ஒன்று சொன்னார். “எழுத்தை யாரு வேணும்னாலும் அச்சடிக்கலாம். பெட்டியைத் திறந்தது ஒருத்தன் மட்டும்தான். நான் ஒண்ணும் சொல்லலை. கேக்கறவங்க யோசிச்சுக்கட்டும்.”

வால்வு நன்றாக இருக்கிறது என்றால், முன்பு ஏன் பாடியது, இப்போது ஏன் பாடவில்லை என்று அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் திருடன் என்றால் அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவுதான் கணக்கு.

கடை முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். “மெக்கானிக்கே, நாலு பேரு வீட்டுக்குள்ள உன்னை விடணும். விடமாட்டாங்கன்னா எனக்கு உன்னால என்ன பிரயோஜனம்? வெள்ளிக்கிழமைக்குள்ள இதைத் தீர்த்துட்டு வா. இல்லேன்னா வராதே.”

இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நம்முடைய தொழிலில் கைத்திறமை இரண்டாவது. பிறத்தியார் வீட்டில், பிறத்தியார் பெட்டியைத் திறந்து, உள்ளே கையை விடுகிறவர்கள் நாம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் நம் கையை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை போய்விட்டால் நீ எவ்வளவு பெரிய மெக்கானிக்காக இருந்தாலும் தெருவில் நிற்க வேண்டியதுதான். அதனால் எந்த வீட்டிலும் ஆள் இல்லாமல் பெட்டியைத் திறக்காதே. கழற்றிய பாகத்தை உன் பையில் போடாதே. காகிதத்தில் சுற்றி வீட்டுக்காரர் கையில் கொடு. அவர்கள் குப்பையில் போட்டாலும் சரி.

நான் ராவுத்தர் வீட்டுக்குப் போனேன். ராவுத்தர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் தொடவே விடவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. பெட்டியைத் தொட முடியாததால் சும்மா நின்றேன். சும்மா நின்றதால் காது வேலை செய்தது.

உள்ளேயிருந்து அவர் பீவி கூப்பிட்டார். “சோறு ஆறுது, வரீகளா இல்லையா?” அந்தக் குரல் கூடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தது. ராவுத்தர் எழுந்து போகும்போது அந்த அம்மாள் வாசலுக்கு வந்து என்னிடம் சொன்னார்.

“மூட்டை இருந்தப்போ தொண்டை கிழியக் கத்தினாலும் இவருக்குக் கேக்கலை தம்பி. நிம்மதியா உக்காந்து பாட்டுக் கேட்டாரு. இப்போ பாரு, ஒரு தடவை கூப்பிட்டா மூணு தடவை கேக்குது.”

நான் அந்த வெறும் கூடத்தின் நடுவில் நின்று பலமாகக் கைதட்டினேன். ‘டர்ர்ர்’ என்று சுவருக்குச் சுவர் ஓடியது. திரும்பத் தட்டினேன். ராவுத்தர் கையில் சோற்றோடு ஓடி வந்தார். “என் வீட்டுல வந்து என்ன கொட்டு கொட்டறே?”

“முதலாளி, வால்வு அதேதான். பாடினது வால்வு இல்லை. மூட்டை.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மொளகு பாடுச்சா?”

“மொளகு பாடலை. சுவரு பாடாம தடுத்துச்சு.”

“படச்சவனே” என்றார் ராவுத்தர். “திருடன்னு நெனச்சேன். இவன் பிராந்தன், பைத்தியம்.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சோதித்துப் பார்ப்பதாக முடிவாயிற்று. முதலில் வெறும் கூடத்தில் ரிக்கார்டு. பிறகு பண்டகசாலைக்கு வந்திருந்த புதுச் சரக்கைக் கொண்டுவந்து அடுக்கி அதே ரிக்கார்டு. பெட்டியை நான் தொடக்கூடாது. பாட்டு பழையபடி தெளிவாக வந்தால், நான் திருடவில்லை என்று ராவுத்தர் கடைத்தெருவில் சொல்ல வேண்டும். வராவிட்டால் நான் மட்டாஞ்சேரியை விட்டுப் போக வேண்டும். மத்தியஸ்தத்துக்கு மிளகு வியாபாரிகளை அழைத்திருந்தார் ராவுத்தர். எங்கள் முதலாளி வந்தார். சேல்ஸ்மேனும் வந்தார்.

வெறும் கூடத்தில் ரிக்கார்டு பாடியது. எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு சுமட்டுக்காரர்கள் மூட்டைகளை அடுக்கினார்கள். ரிக்கார்டு பாடியது. பாடுகிற அம்மாள் மூச்சு இழுத்தார்.

யாரும் வாய் திறக்கவில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் நாளைக்கு ராவுத்தரோடு வியாபாரம் பேச வேண்டியவர்கள். மூட்டைதான் என்று சொன்னால் அவர் அந்தப் பீரோக்களை வாங்கிய மடையன் என்று ஆகும். இல்லை என்று சொன்னால் காது செவிடு என்று ஆகும். எல்லோரும் சாயா கிளாஸையே பார்த்தார்கள்.

அப்போது ஒரு கிழட்டுத் தரகர் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மிளகு வியாபாரத்தில் அந்தக் காலத்தில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். தரகர் துண்டை விரித்துப் பிடிப்பார், அதன் அடியில் கையைக் கொடுத்து, விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. “பாட்டையும் அப்படியே பேசிக்கலாம்” என்றார் தரகர். “மூட்டைன்னா முழுக் கை. வால்வுன்னா ஒத்தை விரல்.”

கேட்டீர்களா? ஒரு மனிதன் திருடனா இல்லையா என்பதை மிளகு விலை போலத் துண்டுக்கடியில் பேசினார்கள். யாரும் சிரிக்கவில்லை. தரகர் ஒவ்வொருவராகப் போனார். எங்கள் முதலாளி கையைக் கொடுத்தார். சேல்ஸ்மேனும் கொடுத்தார். ராவுத்தர், வழக்கே தன்னுடையது, அதில் தானே கை கொடுக்க முடியாது என்று மறுத்தார். தரகர் எல்லாம் முடித்து, துண்டை உதறித் தோளில் போட்டு, “எல்லாம் முழுக் கை” என்றார்.

எல்லாம் முழுக் கை. இதை மறக்காதீர்கள்.

நான் ராவுத்தரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வியாபாரிக்கே உரிய ஒரு கேள்வியைக் கேட்டார்.

“அப்படின்னா, எந்த மொளகு?”

“எந்த மொளகும் ஒண்ணுதான் முதலாளி. வைக்கோலை அடைச்சு வெச்சாலும் இதேதான்” என்றேன்.

“என் கூடத்துல வைக்கோலா? நான் என்ன மாடா?”

அவ்வளவுதான். வியாபாரிகளுக்கெல்லாம் திடீரென்று வாய் வந்தது. ஒருவர் இடுப்பிலிருந்து குத்தூசியை எடுத்து மூட்டையில் குத்தி, மிளகை உள்ளங்கையில் கொட்டி ஊதிப் பார்த்தார். “பொக்கு மணி கலந்திருக்கு. அதான் மேல் சுரத்துல கொஞ்சம் கரகரங்குது” என்றார். இன்னொருவர், “எங்கிட்ட மலைச்சரக்கு இருக்கு, கல்லு மாதிரி மணி. அதை வெச்சுப் பாருங்க, தபேலா தெளியும்” என்றார். சுக்கு வியாபாரி ஒருவர் எழுந்து, வயலினுக்குச் சுக்குதான் என்று அடித்துச் சொன்னார். சண்டை வந்தது.

இந்த இடத்தில் சேல்ஸ்மேன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பூட்டிய கடைக்குச் சாவி கிடைத்தவன் முகம். “நான் அன்னைக்கே நெனச்சேன் முதலாளி! சரக்கோட தரம்! ஸ்டீரியோவுக்கு முதல் தரம் வேணும், ரேடியோவுக்கு ரெண்டாந்தரம் மதி, அது போதும்!”

அடுத்த மாதங்களில் மட்டாஞ்சேரியில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ராவுத்தர் முதல் தர மலை மிளகை வாங்கிக் கூடத்தில் அடுக்கினார். விலை ஏறியபோதும் விற்கவில்லை. “பாட்டு கெட்டுப்போகும்” என்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அடுக்கினார்கள். ஏலக்காய் வைத்தவர் வீட்டில் பாட்டு இனிக்கிறது என்று பேச்சு. பாட்டுக் கேட்க வந்தவர்கள் மெல்லிசான இடம் வரும்போதெல்லாம் தும்மினார்கள். சேல்ஸ்மேன் வீடு வீடாகப் போய், மூட்டையைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, மாற்ற வேண்டும் என்று சொல்லி, தரகு வாங்கினார். அறையைத்தான் சரிசெய்ய வேண்டும் என்று நான் கண்டுபிடித்துச் சொன்னேன். அதையும் வாங்கும் சாமானாக்கி விற்றார். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்கிறாரே, அவர்தான்.

என் விஷயத்துக்கு வருகிறேன். ராவுத்தரிடம் போய், சொன்ன வாக்கைக் கேட்டேன்.

“மொளகு விஷயத்துல நீ சொன்னது சரிதான்” என்றார். “வால்வு விஷயம் வேற.”

“அதே வால்வுதானே முதலாளி இப்பவும் பெட்டியில இருக்கு? நல்லாப் பாடுதே?”

“அது பாடலை. மொளகு பாடுது. நீதானே சொன்னே?”

இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

கை கொடுத்த வியாபாரிகளிடம் போனேன். கடைத்தெருவில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். “துண்டுக்குள்ள பேசினதை வெளியே எடுத்தா நாளைக்கு எவன் எனக்குக் கை குடுப்பான்?” என்றார்கள். தரகரிடம் போனேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னது போல எழுந்து போய்விட்டார். அன்று அங்கே இருந்தவர்களில் ஒரே ஒரு ஆள்தான் வாய்விட்டுச் சொன்னது. ராவுத்தரின் பீவி. நான் படியிறங்கும்போது உள்ளேயிருந்து, “அந்தத் தம்பி ஒண்ணும் எடுக்கலைன்னு சொல்லித் தொலைங்களேன்!” என்று கத்தினார். எனக்குக் கேட்டது. கூடத்தில் முதல் தர மலை மிளகுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ராவுத்தருக்குக் கேட்கவில்லை.

கடை முதலாளி என்னை விரட்டவில்லை. பின்கட்டில் உட்கார வைத்தார், வீடுகளுக்கு அனுப்பவில்லை. அது விரட்டியதைவிட மோசம். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, படகேறி எர்ணாகுளத்துக்கு வந்து வேறு கடையில் சேர்ந்தேன். எனக்கு முன்னாலேயே பேச்சு வந்து சேர்ந்திருந்தது. பெட்டியைக் கொடுக்கிறவர்கள் அதைக் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஓய்வு பெறும் வரை அப்படித்தான். இந்தச் சங்கத்தில்கூட என்னை ‘வால்வு’ என்றுதான் சொல்கிறீர்கள். எனக்குக் கேட்காது என்று நினைக்கிறீர்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும், அதுதான் என் தொழில்.

அதற்குப் பிறகு நான் போன வீட்டிலெல்லாம் பெட்டியைத் திறப்பதற்கு முன் கைதட்டிப் பார்த்தேன். எர்ணாகுளத்தில் ஒரு வக்கீல், ஆம்ப்ளிஃபயர் மேல் ஆம்ப்ளிஃபயராக வாங்கியவர். அவருடைய பஞ்சு மெத்தையைத் தூக்கி வந்து எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்துக் காட்டினேன். பாட்டு பளிச்சென்று வந்தது. “ஓய், வர்றவங்களுக்கு என் மெத்தையையா காட்டச் சொல்றீர்?” என்று என்னை அனுப்பிவிட்டு இன்னொரு ஆம்ப்ளிஃபயர் வாங்கினார். அது அவர் பணம். ஆனால் நான் சொல்லிவிட்டு வந்தேன். நீங்களும் சொல்லுங்கள். சொல்லியும் வாங்கினால் விற்றுக்கொள்ளுங்கள். சொல்லாமல் விற்காதீர்கள். கம்பளம், கனமான திரை, புத்தக அலமாரி, ஸ்பீக்கரைச் சுவரை விட்டு இரண்டு அடி தள்ளி வைப்பது, இதெல்லாம் செய்தும் தேறாவிட்டால் மட்டும் பெட்டியில் கை வையுங்கள். பாட்டு கெட்டதற்கு அறை காரணமாக இருக்கும்போது பெட்டியைக் குற்றம் சொன்னால், கடைசியில் பெட்டியைத் தொட்டவன் தலையில்தான் விடியும். எனக்கு விடிந்தது.

தலைவரே, இந்த மாதம் ஆண்டுக் கூட்டம். புதுப் பையன்கள் எல்லோரும் இருப்பார்கள். அவர்களுக்கு முன்னால், மைக்கைப் பிடித்து, எனக்கு இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அன்று ராவுத்தர் கூடத்தில் தரகர் துண்டைப் போட்டபோது நீங்கள் கொடுத்தது ஒற்றை விரலா, முழுக் கையா? அந்த வால்வை நான் எடுத்தேனா, இல்லையா?

பழம்பொரி வேண்டாம். பதில் வேண்டும். சத்தமாக, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.